அக்குறணையில் கடையா, கட்டுகஸ்தோட்டையில் கடையா?

கண்டியிலிருந்து ஏ-9 வீதியால் மாத்தளை செல்வோர் முதலில் கட்டுகஸ்தோட்டையையும் பின்னர் அக்குறணையையும் கடக்கின்றனர். கட்டுகஸ்தோட்டையில் குருநாகல் வீதி பிரிகிறது. பயணிகள் இறங்கி ஏறுவதே அங்கு பாதி வியாபாரம். அக்குறணைக்கு அப்படியொரு பெரிய சந்தி இல்லை. முஸ்லிம் வர்த்தகர்களின் உழைப்புத்தான் அதனைக் கடைத்தெருவாக்கியது. ஆனால் பிங்கா ஓயா பெருக்கெடுத்தால் கடைகளுக்குள் வெள்ளம்! ஓயாக்கரையை ஒடுக்கிக் கட்டடங்கள் எழுப்பியதும் அதற்கொரு காரணம். கடை பேசுவோர் முற்பணத்தைக் கேட்கின்றனர். கடந்த வெள்ளம் எந்த இறாக்கைவரை ஏறியது என்று கேட்பதில்லை. களஞ்சியத்தை மேல்மாடிக்கு மாற்றும் செலவையும் காப்புறுதிக் கட்டணத்தையும் வாடகையுடன் கூட்டிப் பாருங்கள். புடைவை, மின்சாதனம் விற்போருக்கு, கட்டுகஸ்தோட்டையில் சற்று உயரமான இடத்தில் கூடுதல் வாடகை கொடுப்பதே இலாபமாக இருக்கலாம்.