ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டுங்கள்

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்துவிட்டால் நம் மாணவர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். உலகத் தரவரிசையில் அது எத்தனையாவது இடம்? படித்து முடித்தால் தொடக்கச் சம்பளம் எவ்வளவு? மூன்றாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்: அங்குள்ள விரிவுரையாளர்களின் ஆய்வுக்குத் துணை நிற்பவர் யார்?

நான் பொறியியல் இறுதியாண்டில் இருந்தபோது என் திட்டப்பணியை மேற்பார்வையிட்டவர், வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டே ஆன இளம் விரிவுரையாளர். அவருடைய ஆய்வு நிதி விண்ணப்பம் இருமுறை நிராகரிக்கப்பட்டது. யோசனை நல்ல யோசனைதான். அதை மதிப்பீட்டாளர்களுக்கு விளங்கும்படி எழுத அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பகலில் பாடம், மாலையில் கருவி வாங்கும் படிவங்கள், இரவில்தான் ஆய்வு. மூன்றாம் முறை, ஆய்வுப் பொறுப்பை அப்போதுதான் ஏற்றிருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்துத் திருத்தினார். தம் கூடத்தில் பாதி நேரம் சும்மா கிடந்த சோதனைக் கருவியையும் அவருக்குத் திறந்துவிட்டார். நிதி கிடைத்தது. ஆய்வுக்குத் தலைமை தாங்குவது என்றால் என்ன என்பதை அன்று கண்டேன்.

பெரிய பொறியியல் ஆய்வு ஒருவரால் முடிகிற காரியமன்று. சிங்கப்பூரில் உருவான முதல் துணைக்கோளமான எக்ஸ்-சாட்டை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடமும் சேர்ந்து உருவாக்கின. ஏறத்தாழ 105 கிலோ எடையுள்ள அது, 2011 ஏப்ரல் 20ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி உந்துகணையில் புறப்பட்டது. மின்னணுவியல், இயந்திரவியல், மென்பொருள் எனப் பல துறையினரை ஆண்டுக்கணக்கில் ஒரே மேசையில் உட்காரவைக்க யாரோ பொறுமையாக உழைத்திருக்க வேண்டும். 2014இல் விண்ணுக்குச் சென்ற வெலாக்ஸ்-1 சிறு துணைக்கோளத்தின் உருவாக்கத்தில் இளநிலை மாணவர்களுக்கும் பங்குண்டு.

2021 முதல் 2025 வரையிலான ஆய்வுத் திட்டத்துக்குச் சிங்கப்பூர் அரசாங்கம் 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கியது. பணம் தேவைதான். ஆனால் கருவிகளைப் பழுதின்றி வைத்திருக்கும் ஆய்வுக்கூட அதிகாரியும், கணக்கு வழக்கைக் கவனிக்கும் அலுவலரும் இல்லாவிட்டால் அந்தப் பணம் ஆய்வாக மாறாது. கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக்கும் கல்விக்கழகத்தில், பத்தாண்டு பிடிக்கும் ஆய்வைத் தொட இளம் விரிவுரையாளர் எவரும் துணியமாட்டார். அந்தத் துணிவுக்குக் காவல் நிற்பதும் தலைமையின் கடமை.

மாணவர்களே, இது உங்களுக்கும் தொடர்புள்ள செய்தி. ஆய்வு தழைக்கும் இடத்தில்தான் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு நல்ல தலைப்பும் நேரம் ஒதுக்கும் ஆசிரியரும் கிடைப்பார்கள். நன்யாங்கில் ‘யுரேக்கா’, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ‘யூரோப்’ என இளநிலை மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டங்கள் உள்ளன. அடுத்த முறை பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது விளக்கக் கையேட்டோடு திரும்பிவிடாதீர்கள். ஓர் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டி, இங்கே மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். கிடைக்கும் பதில், தரவரிசைப் பட்டியலைவிட அதிகம் சொல்லும்.