வெருகல் பாலர்களுக்காக ஒரு கோரிக்கைச் சாசனம்

கிழக்கு மாகாண பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம், வெருகல் பிரதேச செயலகம், பிரதேச சபை ஆகியவற்றின் மேலான கவனத்துக்கு:

2004இல் கடற்கோளைக் கண்டோம். 2006இல் போருக்குப் பயந்து வாகரைப் பக்கம் ஓடினோம். மீளக் குடியேறியபோது பள்ளிக்கூடங்களைத் திரும்பவும் தொடங்க வேண்டியிருந்தது. கல்வியில் புதிதாக வரும் எதுவும் கடைசியாகத்தான் எங்கள் பிள்ளைகளை எட்டுகிறது. கணினிச் சிந்தனை அப்படிப் பிந்தி வரக்கூடாது.

ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒழுங்காக அடுக்கி, பிழைத்த படியைத் தேடித் திருத்துவதே அந்தச் சிந்தனை. நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைக் காட்ட, பீ-பொட் போன்ற தரை ரோபோ போதும். முதுகிலுள்ள அம்புக்குறிகளைப் பிள்ளை வரிசையாக அமுக்கினால் அது அந்த வரிசைப்படியே நகரும். எதிரே நிற்கும் பிள்ளை தன் வலப்பக்கத்தை நினைத்து அமுக்கினால், ரோபோ மறுபக்கம் திரும்பிவிடும். பிறகு பிள்ளை அதன் பின்னால் போய் நின்று, தானும் உடம்பைத் திருப்பிப் பார்த்து, பிழையைத் தானே பிடிக்கும். இதற்குத் திரையும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1970களிலேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ராடியா பேர்ல்மன் என்பவர் எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்காகப் பொத்தான் பெட்டியால் இயங்கும் கருவியை உருவாக்கினார். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், 2015இல் 160 பாலர் நிலையங்களுக்கு இத்தகைய கருவிகளை வழங்கும் திட்டம் தொடங்கியது. அங்கே பிள்ளைகள் கட்டளைகளைக் குறிக்கும் மரக்கட்டைகளை அடுக்கி, கீபோ என்ற ரோபோவைத் தங்கள் பண்பாட்டு நடனங்களுக்கு ஆட வைத்தார்கள். இங்கே அது எங்கள் வசந்தன் கூத்து ஆடட்டும்.

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு முன்பள்ளிக்கும், நாலைந்து பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில் தரை ரோபோக்கள் தாருங்கள். அதற்குப் பதிலாக டப்லெட்டைத் தந்து கணக்கை முடிக்காதீர்கள்.

கருவிக்கு முன்னர் ஆசிரியைக்குப் பயிற்சி வேண்டும்; அது தமிழில், வெருகலிலேயே நடக்க வேண்டும். சொற்பக் கொடுப்பனவில் பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியைகளின் தலையில் இன்னொரு பொறுப்பைச் சும்மா ஏற்ற முடியாது. கொடுப்பனவை உயர்த்துங்கள். இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

மணல் ஏறினால் ரோபோவின் சக்கரம் சிக்கும். வழுவழுப்பான சீமெந்துத் தரை, மாற்றுப் பற்றரி, பழுதுபார்க்கத் திருகோணமலையில் ஓர் இடம் ஆகியவற்றுக்கும் சேர்த்தே நிதி ஒதுக்குங்கள். கருவிகள் வரும்வரை, நிலத்தில் கட்டம் கீறி, ஒரு பிள்ளை சொல்ல மற்றப் பிள்ளை நடக்கும் விளையாட்டை உடனே தொடங்கலாம். அதற்கான வழிகாட்டிக் கையேட்டையாவது இப்போதே அனுப்புங்கள். இந்தக் கற்றலை ஒருபோதும் பரீட்சையாகவோ போட்டியாகவோ ஆக்கவேண்டாம்.

அடுத்த ஆண்டு முதலாம் தவணை தொடங்குமுன் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வெருகல் பிரதேச முன்பள்ளிப் பெற்றோரும் ஆசிரியைகளும்