காற்று இருக்கிறது, கம்பி?



நாகர்கோவில் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: “ஆடி மாசம் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது பஸ் ஜன்னலைத் திறக்க முடியாது. அப்படி அடிக்கிற காற்றிலும் சில காத்தாடிகள் சும்மா நிற்கின்றனவே, ஏன்?”

நல்ல கேள்வி. பழுதாகியிருக்கலாம், பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. காற்று இருக்கும், காத்தாடியும் நன்றாக இருக்கும். ஆனால் அது தரும் மின்சாரத்தை ஏற்றிச்செல்லக் கம்பியில் இடம் இருக்காது. அல்லது அந்த நேரத்தில் அவ்வளவு மின்சாரத்துக்குத் தேவை இருக்காது. உடனே “உற்பத்தியைக் குறையுங்கள்” என்று உத்தரவு வந்துவிடும்.

1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகள் சுழன்றபோது ஒவ்வொன்றின் திறனும் 55 கிலோவாட்தான். இன்று ஒரே காற்றாலை 3,000 கிலோவாட் தருகிறது. முப்பந்தல், கயத்தாறு, பல்லடம், தேனி என்று பரவி, மாநிலத்தின் மொத்தக் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆண்டு முழுவதும் அவை தரும் மின்சாரத்தில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான சீசனில் ஒரே மூச்சாகக் கொட்டுகிறது.

காத்தாடி நம் கண்ணில் படுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் வேலை படுவதில்லை. அறுபது, எழுபது மீட்டர் நீள இறக்கையை ஏற்றிய லாரி ஒரு கிராமத்து முக்கில் திரும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் சிவப்புக் கொடி கட்டிய ஜீப். பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்பிவிட வண்டியோடு நடந்துவரும் ஒருவர். தாழ்ந்து தொங்கும் வயரை நீளக் கம்பால் தூக்கிப் பிடிக்க இன்னொருவர். டீக்கடை வாசலில் ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். அந்த லாரி போவதற்கென்றே சாலையை அகலப்படுத்தி, பாலத்தைப் பலப்படுத்தி, கிரேன் நிற்க மேடை கட்டியிருப்பார்கள். அஸ்திவாரத்துக்கு மட்டும் சில நூறு கன மீட்டர் கான்கிரீட்டை இடையில் நிறுத்தாமல் கொட்டியாக வேண்டும்.

அதன் பிறகுதான் கம்பி. ஒவ்வொரு காத்தாடியின் மின்சாரத்தையும் டிரான்ஸ்பார்மர் 33 கிலோவோல்ட்டுக்கு உயர்த்துகிறது. துணை மின்நிலையத்தில் எல்லாம் ஒன்றுசேர்ந்து 110 அல்லது 230 கிலோவோல்ட்டாகி, அங்கிருந்து 400 கிலோவோல்ட் தடத்துக்குப் போகிறது. கயத்தாறு, தப்பகுண்டு போன்ற இடங்களில் பெரிய துணை மின்நிலையங்கள் எழுந்தது இதற்காகத்தான். காற்றாலைகளை ஓரிரு ஆண்டில் நிறுவிவிடலாம். பல மாவட்டங்களைக் கடக்கும் உயர் அழுத்தத் தடம் அவ்வளவு சீக்கிரம் முடியாது.

கென்யாவின் துர்கானா ஏரிக்கரைக் கதை இதற்குச் சாட்சி. அந்த வறண்ட பூமியில் சுமார் 200 கிலோமீட்டர் சாலையைச் சீரமைத்து, 365 காற்றாலைகளை 2017-ல் நிறுவி முடித்தார்கள். 400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மின்தடம் முடிந்ததோ 2018 செப்டம்பரில். தடம் போடும் வேலையை எடுத்த நிறுவனம் இடையில் நொடித்துப்போனதும் தாமதத்துக்கு ஒரு காரணம். தடம் முடியும்வரை அத்தனை காத்தாடிகளும் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றன.

2024-ல் தமிழக அரசு, பழைய சிறு காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றை வைப்பதற்கான கொள்கையை அறிவித்தது. முப்பந்தல் போன்ற அருமையான காற்றுள்ள இடங்களில் நிற்பவை பல பழைய காத்தாடிகள்தான் என்பதால் இது வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் புதிய காத்தாடிக்குப் பழைய சாலையும் பழைய கம்பியும் போதாது. தடத்தை முதலில் போடுங்கள், இறக்கை பிறகு வரட்டும் என்பதே எங்கள் கருத்து.

தடம் போகிற வழியில் இருப்பவர்களையும் மறக்கக் கூடாது. காத்தாடிக்கு இடம் கொடுத்தவருக்கு நிலத்தின் விலையாவது கிடைத்திருக்கும். கம்பி மட்டும் மேலே போகிற தோட்டத்துக்காரர் அதன் கீழே தென்னை வைக்க முடியாது. அவருக்கு உரிய இழப்பீடு உரிய நேரத்தில் கிடைத்தால், தடமும் தகராறில்லாமல் முன்னேறும்.

உங்கள் நிலத்தின் மேல் கம்பி போகிறதா? துணை மின்நிலையத்தில் வேலை பார்க்கிறீர்களா? இறக்கை லாரி ஓட்டுகிறீர்களா? உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். நாகர்கோவில் வாசகரின் கேள்விக்கு எங்களைவிட நீங்களே நல்ல பதில் சொல்லக்கூடியவர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்