யார் செலவுல யார் உள்ளே வந்தா?

மக்களே, கிரிக்கெட் எழுதற ஆளுங்க ரொம்ப நாளா ஒரு அநியாயம் பண்ணிட்டு இருக்காங்க. 'அட் தி எக்ஸ்பென்ஸ் ஆஃப்'னு ஒரு ஆங்கிலத் தொடர். டீம் செலக்‌ஷன் பத்தி எழுத ஆரம்பிச்சாலே கை தானா அதைத் தேடிப் போகுது. போய், பல நேரம் தலைகீழா உட்காருது.

2023 ஜூன், ஓவல், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலை எடுத்துக்குவோம். நாலு வேகப்பந்து வீச்சாளர்கள், கூட ஜடேஜா. டெஸ்ட் ரேங்கிங்கில் அப்போ நம்பர் ஒன் பவுலரா இருந்த அஸ்வின் வெளியே. இதை 'அஸ்வின் வாஸ் டிராப்டு அட் தி எக்ஸ்பென்ஸ் ஆஃப் உமேஷ்'னு எழுதினா என்ன அர்த்தம்? அஸ்வினை உட்கார வெச்சதுல நஷ்டம் உமேஷ் யாதவுக்காம்! அவர் பாட்டுக்கு உள்ளே பந்து போட்டுட்டு இருக்கார் சாமி.

எக்ஸ்பென்ஸ்னா செலவு. 'ஆஃப்' பக்கத்துல வர்ற ஆள்தான் பில் கட்டறவர். 'அவன் என் செலவுல டீ குடிச்சான்'னு தமிழ்ல சொல்றப்ப யாருக்காவது குழப்பம் வருதா? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே கதைதான். நெய் யார் வீட்டுதுன்னு பாருங்க, போதும். 'உமேஷ் வாஸ் பிக்டு அட் தி எக்ஸ்பென்ஸ் ஆஃப் அஸ்வின்.' முடிஞ்சது. இல்லை, அஸ்வின்லதான் வாக்கியத்தை ஆரம்பிப்பேன்னா, 'இன் ஃபேவர் ஆஃப் உமேஷ்'னு ஒண்ணு சும்மாதானே கிடக்கு?

"புரிஞ்சா போதாதா, எதுக்கு இந்த வாத்தியார் வேலை?"ன்னு கேட்பீங்க. மேட்ச் பார்த்தவனுக்குப் புரியும். பார்க்காதவனுக்கு? 2004 நவம்பர், மும்பை டெஸ்ட்டில் பார்த்திவ் படேல் இடத்தில் தினேஷ் கார்த்திக் வந்தார். 2005 டிசம்பர், சேப்பாக்கத்தில் அதே கார்த்திக் வெளியே, தோனி உள்ளே. 'கார்த்திக் அட் தி எக்ஸ்பென்ஸ் ஆஃப் தோனி'ன்னு வினைச்சொல்லே இல்லாம ஒரு தலைப்பு வெச்சா, அப்போ பிறக்காத பையன் என்ன நினைப்பான்? சரித்திரமே திரும்பிடுது.

இன்னொண்ணு. இந்தத் தொடர் சும்மா ஆள் மாத்தினதைச் சொல்றது இல்லை. ஒருத்தன் விலை கொடுத்தான்னு சொல்லுது. 2019 உலகக் கோப்பைக்கு விஜய் சங்கர் தேர்வானப்ப விலை கொடுத்தவர் அம்பதி ராயுடு. வெளியே போனவனோட வலிக்கு விளையாட்டுப் பக்கத்துல கிடைக்கறதே அந்த அரை வரிதான். அதையும் தூக்கி ஜெயிச்சவன் பேர்ல எழுதி வெச்சா எப்படிங்க?

சந்தேகம் வந்தா 'இன்ஸ்டெட் ஆஃப்'னு எழுதிட்டுப் போங்க. கௌரவம் ஒண்ணும் குறையாது :-)