மெழுகுவத்தியில் பூ ஒட்டலாமா?

கேள்வி: ''பூந்தமல்லி அருகே அரை ஏக்கரில் பட்டன் ரோஸும் வாடாமல்லியும் போட்டிருக்கிறோம். கோயம்பேட்டில் விலை இறங்கும் நாள்களில் பூ மீந்துவிடுகிறது. அதை உலர்த்தி, கடையில் வாங்கும் வெள்ளை மெழுகுவத்திகளில் ஒட்டி, மகளிர் குழு மூலம் விற்கிறோம். கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்ற ஒன்றில் பூவே தீப்பிடித்து எரிந்துவிட்டது. இந்தத் தொழிலைத் தொடரலாமா?''

- வாசகி, பூந்தமல்லி.

பதில்: தாராளமாகத் தொடரலாம். ஆனால், ஒல்லியான மெழுகுவத்தியில் பூ ஒட்டுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். தீப்பிடித்ததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

திரி எரியும்போது அதைச் சுற்றி மெழுகு உருகிக் குளம்போல் நிற்கும். ஒல்லியான வத்தியில் அது சில நிமிடங்களிலேயே ஓரத்தைத் தொட்டுவிடும். ஓரத்தில் இருக்கும் காய்ந்த இதழ் உள்ளே விழுந்து, மெழுகை உறிஞ்சி, இன்னொரு திரியாக எரியும். குறைந்தது 3 அங்குலம் விட்டமுள்ள தடித்த மெழுகுவத்தியில் நடுப்பகுதிதான் முதலில் உருகும். சுற்றுச்சுவர் நிற்பதால், வெளிச்சம் பூவின் வழியே கசிந்து அழகாகவும் தெரியும்.

பூவை உலர்த்துவது எப்படி?

பனி ஈரம் காய்ந்த பிறகு பறியுங்கள். ரோஜாவை முழுப்பூவாக வைக்காமல் இதழ் இதழாகப் பிரியுங்கள். செய்தித்தாள் மடிப்புகளுக்குள் பரப்பி, மேலே கனமான பலகையோ புத்தகங்களோ வையுங்கள். 2 நாளுக்கு ஒரு முறை தாளை மாற்றினால், ஒன்று முதல் இரண்டு வாரங்களில் காகிதம்போல் ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், கிறிஸ்துமஸுக்குத் தேவையான பூவை புரட்டாசிக்குள்ளேயே உலர்த்திக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள்.

வாடாமல்லி காய்ந்தாலும் நிறம் மங்காது. அதன் தலையை உதிர்த்துச் செதில்களை மட்டும் பயன்படுத்துங்கள். மல்லிகை பழுப்பாகிவிடும். அரளி வேண்டவே வேண்டாம். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு; எரிந்தால் வரும் புகையும் ஆபத்தானது. மருந்து தெளித்த பூவையும் ஒதுக்கிவிடுங்கள்.

ஒட்டும் முறை

பசை தேவையில்லை. கரண்டியின் பின்புறத்தை வெந்நீரில் சூடாக்கி, ஈரத்தைத் துடைத்துவிட்டு, இதழின் மேல் மெதுவாக அழுத்துங்கள். அடியிலிருக்கும் மெழுகு இளகி இதழைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மெழுகுவத்தியைத் திரியைப் பிடித்து உருகிய மெழுகில் 2, 3 விநாடிகள் முக்கி எடுத்தால், மேலே மெல்லிய படலம் படியும். மேல்விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்துக்குப் பூ இருக்கக் கூடாது. காம்பு, தடித்த மொட்டு, ஜிகினாத் தூள், நகப்பூச்சு ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

மெழுகை நேரடியாக அடுப்பில் உருக்காதீர்கள். கொதிநீர் உள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ சிதறிப் பரவும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள்.

விற்பதற்கு முன்

ஒவ்வொரு புது அளவிலும், ஒவ்வொரு பூ வகையிலும் ஒன்றைக் கடைசிவரை நீங்களே எரித்துப் பாருங்கள். 'திரியைக் கால் அங்குலமாக நறுக்கவும். தொடர்ந்து 2 மணி நேரத்துக்கு மேல் எரிக்க வேண்டாம். தனியே எரியவிட்டுச் செல்லாதீர்கள்' என்று சீட்டு ஒட்டுங்கள். சித்திரை வெயிலில் மூடிய வாகனத்தில் வைத்தால் வத்தி வளைந்துவிடும்.

விலை வைக்கும்போது பூ சும்மா கிடைத்தது என்று விட்டுவிடாதீர்கள். பறிப்புக் கூலி, மெழுகு, அட்டைப்பெட்டி, எரித்துப் பார்க்கும் வத்தி, உங்கள் குழுவினரின் நேரம் எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். அப்படியும் மிஞ்சினால்தான் அது லாபம். தூத்துக்குடியிலிருந்து உலர்பூக்கள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. காய்ந்த பூவுக்கும் சந்தை இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

பூ உலர்த்துதல், மதிப்புக்கூட்டல் தொடர்பான பயிற்சிகள் எப்போது நடக்கின்றன என்று திருவள்ளூர் மாவட்டம், திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். கிண்டியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையத்திலும் விசாரிக்கலாம்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த வாடிக்கையாளரை நேரில் பார்த்து, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அதே ஒல்லி வத்தியை வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தகவல் சொல்லி, திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு கொஞ்சம் நஷ்டமானாலும், அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.