பாம்புப் பெட்டியின் வெப்பம்



தை மாதத்துத் தில்லிக் குளிருக்கு நமக்குக் கம்பளி உண்டு, கணப்பு உண்டு. பாம்புக்கோ புறத்தே கிடைக்கும் சூடே துணை. பரத்பூர்ச் சரணாலயத்து மலைப்பாம்புகள் குளிர்காலப் பகலில் வளையைவிட்டு வந்து வெயிலில் கிடப்பது இதனாலேயாகும். பெட்டியில் அடைபட்ட பாம்புக்கு வெயிலையும் நிழலையும் நாமே அமைத்துத் தருதல் வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் கல்லூரி மாணவர் ஒருவர் ஆப்பிரிக்க இனமாகிய பால் பைதான் ஒன்றை வளர்க்கிறார். (நம் நாட்டுப் பாம்பு எதனையும் வீட்டில் வளர்த்தல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்த அயல்நாட்டு இனத்தையும் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும்.) சென்ற குளிர்காலத்தில் அவர் கண்ணாடிப் பெட்டியின் அடியில் மின்வெப்பப் பாயை விரித்து, நேரே மின்சாரத்தில் இணைத்துவிட்டார். சில நாட்களில் பாம்பின் அடிவயிற்றுச் செதில்கள் சிவந்து கொப்புளித்தன.

"மேலே தொட்டுப் பார்த்தேன் அண்ணா, இதமாகத்தான் இருந்தது. சுட்டால் அதுவே நகர்ந்துவிடும் என்று நினைத்தேன்" என்று கலங்கினார்.

இரண்டும் பிழை. பரப்பிய மரத்தூளின் மேற்புறம் இதமாயினும் அடிக்கண்ணாடி கொதிக்கும். பாம்பு தூளைக் கிளறிக்கொண்டு கண்ணாடிமீதே படுக்கும். அடியிலிருந்து சுடும்போது அது பெரும்பாலும் விலகுவதில்லை. கால்நடை மருத்துவரின் சிகிச்சையால் புண் ஆற வாரங்கள் பலவாயின.

ஆதலின் வெப்பப் பாய்க்குத் தெர்மோஸ்டாட் இன்றியமையாதது. அதன் உணர்முனையைப் பாய்க்கும் கண்ணாடிக்கும் இடையே அசையாமல் ஒட்டுக. அது நழுவினால் குளிரையே அறிந்து, கருவி ஓயாது சூடேற்றும். எழுதியவரே கணக்கைச் சரிபார்க்கலாகாது என்பது எங்கள் அலுவலக நெறி. அதுபோலத் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கத் தனியே வெப்பமானிகள் இரண்டு வேண்டும்.

பாய் பெட்டியின் ஒரு முனையில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. இவ்வினத்திற்கு அம்முனையில் 31 முதல் 32 டிகிரி செல்சியஸும், மறுமுனையில் 25 முதல் 27 டிகிரியும் போதும். இருமுனையிலும் ஒளிந்துகொள்ள மறைவிடம் வைத்தால், பாம்பு தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ளும். குளிர் மிகுந்தால் இரை செரிக்காது, கக்கிவிடும். அதற்காகக் கண்ணாடிப் பெட்டியை வெயிலில் வைத்துவிடாதீர்கள். சிறிது நேரத்தில் அது அடுப்பாகிவிடும். மின்சாரம் நின்றால் வெந்நீர்ப் புட்டியைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் வெளியே ஒரு பக்கம் மட்டும் சாய்த்து, காற்றுத் துளைகளை மூடாமல் கம்பளி போர்த்துக.

அம்மாணவர் இப்போது நாள்தோறும் இரவில் இருமுனை அளவையும் ஏட்டில் குறித்த பின்னரே படுக்கச் செல்கிறார். பாம்பின் வயிற்றில் ஒரு தழும்பு மட்டும் எஞ்சியிருக்கிறது.