பூனைக்குத் தயிர்ச் சோறு போதுமா?

பூனை வளர்ப்போர் கால்நடை மருத்துவரிடம் கேட்கும் வினாக்கள் பலவாயினும், அவற்றுள் பல உணவைப் பற்றியனவே ஆகும். பால் எவ்வளவு வார்க்கலாம், தயிர்ச் சோறு போதுமா, மீன் நாள்தோறும் வேண்டுமா, புலால் புகாத இல்லத்தில் பூனை நலமாக வாழுமா என்பன போன்றவை அவை. இறுதியாகக் கூறப்பட்ட வினாவைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் வரக்கூடிய விடை உவப்பாக இராது என்னும் ஐயமே அதற்குக் காரணம் போலும்.

பூனையையும் பாலையும் இணைத்துப் பேசுவது நெடுங்கால வழக்கம். பாற்கடலை நக்கிக் குடித்துவிட முனைந்த பூனையைக் கம்பர் தமது அவையடக்கத்தில் உவமையாக்கினார். பூனைக்குப் பாலில் விருப்பம் உண்டு என்பது மெய்யே. ஆனால் விருப்பம் வேறு, தேவை வேறு. தாய்ப்பால் மறந்த பின்னர், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பூனையின் குடலில் குறைந்துவிடுகின்றது. ஆதலின் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கையே தருகின்றது. பாலில் சீனி கலந்து ஊட்டுவோர் அந்தச் சீனியை மிச்சப்படுத்தலாம். இனிப்பை உணர்வதற்குரிய மரபணு பூனையினத்தில் பழுதுற்றுக் கிடப்பதை 2005-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதம் ஒன்று உண்டு. பாட்டனார் காலத்துப் பூனைகள் தயிர்ச் சோறு தின்றே கொழுத்து வாழவில்லையா என்பர். அக்காலத்துப் பூனை தயிர்ச் சோறு தின்றது உண்மை. அதை மட்டுமே தின்றது என்பதுதான் உண்மையன்று. நெற்குதிரும் கொல்லைப்புறமும் உடைய வீட்டில் அது இரவெல்லாம் திரிந்து எலி, பல்லி, குருவி முதலியவற்றைப் பிடித்துத் தன் உணவைத் தானே தேடிக்கொண்டது. வீட்டார் வைத்த சோறு அதற்குச் சிற்றுண்டி. இன்றோ நகரங்களில் பூனை அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் கதவுக்கு உட்புறம் வாழ்கின்றது. இதனால் அதற்கு நன்மையும் உண்டு. வண்டியில் அடிபடுவதும் நாய்க்கடிக்கு ஆளாவதும் குறைகின்றன. (வெறிநோய்த் தடுப்பூசி அப்பொழுதும் வேண்டும் என்பதை இவ்விடத்தில் கூறிவைத்தல் நலம்.) ஆயினும் எலி போய்விட்டது, தயிர்ச் சோறு மட்டும் எஞ்சியிருக்கின்றது.

எலியின் உடலில் இருந்து, சோற்றில் இல்லாத பொருள்களுள் தலையாயது டாரைன் என்பதாகும். இஃது அமினோ அமிலங்களுக்கு உறவான ஒரு பொருள். மனிதனும் நாயும் இதனைத் தம் உடலிலேயே பெருமளவு ஆக்கிக்கொள்ள இயலும். பூனையால் போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது. அதன் பித்த நீரோ டாரைனை நாள்தோறும் செலவழித்துக்கொண்டே இருக்கின்றது. மாமிசத்திலும் மீனிலும் டாரைன் உண்டு. தானியங்களிலும் காய்கறிகளிலும் இல்லையென்றே கூறலாம். பசும்பாலில் மிகமிகச் சொற்பம். பாலின் புரதமாகிய கேசினையே புரத உணவாகப் பெற்ற பூனைகளுக்குக் கண்ணின் விழித்திரை சிதைவதையும், அதற்கு டாரைன் குறைவே காரணம் என்பதையும் 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். சிதைந்த விழித்திரை மீண்டும் வளர்வதில்லை. 1987-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள், பூனைகளின் இதயத் தசை தளர்ந்து விரிந்துபோகும் நோய்க்கும் இக்குறைவு காரணமாகலாம் என்று கண்டனர். டாரைன் கொடுக்கப்பட்டபோது அப்பூனைகளின் இதயம் வலுப்பெற்றது. அதன் பின்னரே பூனை உணவு தயாரிப்போர் தம் சரக்கில் டாரைனின் அளவை உயர்த்தினர்.

குறை இஃதொன்றே அன்று. கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றும் திறன் பூனைக்கு இல்லை; அந்த வைட்டமினைப் பிற உயிரின் உடலிலிருந்தே அது நேராகப் பெறவேண்டும். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பர். புல்லைத் தின்றாலும் புலிக்குப் பயனில்லை என்பதை உடலியல் சேர்த்துச் சொல்கின்றது, பூனையும் அக்குலத்ததே.

கொல்லாமை உயர்ந்த அறம். ஆனால் அது மனிதன் தன் அறிவால் தேர்ந்து தன் உடல்மீது ஏற்றுக்கொள்ளும் நோன்பு. அந்நோன்பைத் தேராத, தாங்கவும் இயலாத ஓர் உயிரின்மீது ஏற்றிக் கதவையும் சாத்திவிடுவது அறமாகாது. புலால் எவ்வடிவிலும் வீட்டினுள் வரலாகாது என்னும் உறுதியுடையோர் பூனை வளர்க்காதிருத்தலே முறை. புல்லும் கீரையும் தின்னும் முயல் அவர்களுக்கு உண்டு. சமைப்பதற்கு மட்டுமே தயங்குவோர், டாரைன் சேர்க்கப்பட்டு டப்பாவிலும் பொட்டலத்திலும் விற்கப்படும் பூனை உணவை வாங்கலாம். செயற்கை டாரைன் சேர்த்த சைவப் பூனை உணவுகளும் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றை மருத்துவரின் மேற்பார்வையும் அவ்வப்போது பரிசோதனையும் இன்றிக் கொடுப்பது துணிச்சலே அன்றி அறிவுடைமையன்று. நாய்க்கென விற்கப்படும் உணவும் பூனைக்குப் போதாது.

புலால் உண்ணும் இல்லங்களிலும் பிழை நேர்வதுண்டு. வெறும் கோழிச் சதையை வேகவைத்து நீரைக் கொட்டிவிடுகின்றனர். டாரைன் அந்நீரில் கரைந்து போய்விடுகின்றது. எலும்பின்றிச் சதையே உண்ணும் பூனைக்குச் சுண்ணாம்புச் சத்தும் குறைகின்றது. குழம்பில் கிடந்த மீனை எடுத்துப் போடுவது இன்னும் தவறு. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை.

பூனையின் கல்லீரலும் வேறுபட்டது. தாவர நஞ்சுகளை மாற்றி வெளியேற்றும் நொதிகளுள் ஒன்று அதில் செயலிழந்துவிட்டது; புலாலையே உண்டு வந்த இனத்துக்கு அது தேவைப்படாமற் போயிற்று என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இதன் விளைவு மருந்து கொடுப்பதில் தெரியவரும். மனிதர் காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் போக்கப் போதும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறி, முகம் வீங்கி, மூச்சுத் திணறினால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. குழந்தைக்குக் கொடுப்பதில் பாதி என்னும் கணக்கு இங்கே செல்லாது.

பசித்தால் தானே தின்னும் என்று புதிய உணவை வைத்துவிட்டுக் காத்திருப்பதும் இதே கல்லீரலைக் கெடுக்கும். சில நாள் பட்டினி கிடந்த பூனையின், சிறப்பாகப் பருத்த பூனையின், உடற்கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கி உயிருக்கே இடையூறாகும். ஆகையால் உணவை மாற்ற விரும்புவோர் பழைய உணவில் புதியதைச் சிறிது கலந்து, 7 முதல் 10 நாள்களில் படிப்படியாக அளவைக் கூட்டிவரவேண்டும். ஒரு நாள் முழுவதும் பூனை எதனையும் தொடவில்லையாயின், மாற்றத்தை நிறுத்திவிட்டுப் பழைய உணவையே கொடுத்து, மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.